குசினிக் கதவுக்குப் பின்னால்...

ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஒன்பதரை மணியிருக்கும். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் என் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது.

"ராத்தா, ரெண்டு புள்ளைகளும் சத்தி எடுத்துக்கிட்டே ஈக்கிறாங்க. கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரியவள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். ஐந்து வயதுச் சின்னவனுக்குத் தலையைத் தூக்கவும் முடியவில்லை. தங்கைக்கும் குமட்டல். அவளது கணவர் மட்டும் நன்றாக இருந்தார். அன்று மாலை ஏழு மணிக்கு ஊரிலுள்ள கடையொன்றில் வாங்கி வந்த பிரைட் ரைஸை மற்ற மூவரும் சாப்பிட்டிருந்தார்கள். அவர் மட்டும் ரொட்டி சாப்பிட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தங்கை டொக்டரிடம் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"சுடச்சுடத்தானே கட்டித் தந்தாங்க டொக்டர்? பொதிய அவிழ்க்கக்குள்ள ஆவி பறந்துச்சு. பொறகு எப்படி இப்படி வரும்?"

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "பகலில் ஆக்கிய சோற்றை வெளியில் வைத்திருந்து, இரவு ஓடர் வந்ததும் சட்டியில் போட்டுப் பிரட்டித் தந்திருக்கலாம். சில கிருமிகள் சோற்றில் பெருகும்போது ஒருவகை நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகலாம். நஞ்சு அழியாது. நீங்கள் இதைப் பீ.எச்.ஐ.யிடம் சொல்ல வேண்டும்" என்றார்.

தங்கை பதில் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் வாய் திறந்தாள்.

"எப்படி ராத்தா செல்றது? கடைக்காரர் நம்மட ஆள். அவர்ட பொஞ்சாதியும் நானும் ஒண்டாப் படிச்ச. அதோட..."

அந்த "அதோட"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். தங்கை தினமும் விடியற்காலையில் எழும்பி எண்பது ரோல்ஸும் பெட்டிஸும் செய்து இரண்டு தேநீர்க்கடைகளுக்குக் கொடுக்கிறாள். பிள்ளைகளின் படிப்புச் செலவில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. இன்றைக்கு அந்தக் கடைக்குப் போகும் பரிசோதகர் நாளைக்குத் தன் குசினிக்கும் வந்துவிட்டால்? அதுதான் அவளது பயம்.

சகோதரிகளே, இந்தப் பயம் நம்மில் பலருக்கும் உண்டு. பரிசோதகர் என்றால் தண்டப்பணமும் வழக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அவர் குசினிக்குள் எதைத்தான் பார்க்கிறார்? அதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். நமது பிள்ளைகளின் வயிறும் பாதுகாக்கப்படும்.

கண்ணுக்குத் தெரியாத ஊத்தை

நம் நாட்டில் ஹோட்டல் என்ற சொல் ஐந்து நட்சத்திர மாளிகைக்கும் பொருந்தும், பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடைக்கும் பொருந்தும். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் மேசை பளிச்சென்று இருக்கிறதா, தரையில் மாபிள் பதித்திருக்கிறதா என்றுதான் நாம் பார்க்கிறோம். அனுபவமுள்ள பரிசோதகருக்கு முன்புறத்து மேசையைவிடப் பின்புறத்துக் குசினிதான் முக்கியம்.

நோயை உண்டாக்கும் கிருமிக்கு நிறமில்லை. பல சமயங்களில் மணமும் இல்லை. கெட்டுப்போன கறி நாறும் என்று நினைக்கிறோம். அது எப்போதும் உண்மையல்ல. உணவை நாற வைக்கும் கிருமிகள் வேறு, மனிதரை நோயில் தள்ளும் கிருமிகள் வேறு. வாசனையும் ருசியும் கொஞ்சமும் மாறாத புரியாணி ஒரு கலியாண வீட்டையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடக் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அசுத்தமான உணவினால் உலகில் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள். 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பெரியவர்கள் ஒரு நாள் படுத்து எழும்பிவிடும் நோய், சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணித் தாய்மாரையும் வயோதிபரையும் கடுமையாகத் தாக்கிவிடும்.

பரிசோதகரோடு ஒரு நடை

பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத்தான் நாம் பீ.எச்.ஐ. என்று அழைக்கிறோம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர் அவர். 1926 இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வளர்ந்து வந்த சேவை இது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவு தயாரிக்கும் அல்லது விற்கும் இடத்துக்குள் சென்று பார்வையிடவும், மாதிரி எடுக்கவும், பாவனைக்கு உதவாத உணவைக் கைப்பற்றவும் அதிகாரம் பெற்ற அலுவலர்களுக்கு இடமளிக்கிறது.

மனதளவில் அவரோடு கூட நடந்து பார்ப்போம்.

முதலில் தண்ணீர். குழாய் நீரா, கிணற்று நீரா? கிணறென்றால் மலசலகூடக் குழி அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தாங்கி மூடப்பட்டிருக்கிறதா? கடைசியாக எப்போது கழுவினார்கள்?

அடுத்தது வேலையாட்களின் மலசலகூடம். அங்கே தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கின்றனவா? சவர்க்காரம் இல்லாத மலசலகூடத்திலிருந்து வரும் கை, நேரே ரொட்டி மாவுக்குள்தான் போகும். குசினி எவ்வளவு பளபளத்தாலும் இந்த ஒரு குறை எல்லாவற்றையும் பாழாக்கிவிடும்.

பின்பு களஞ்சிய அறை. அரிசி மூடைகள் நிலத்தில் கிடக்கின்றனவா, பலகையின் மேலா? எலிப் புழுக்கை தெரிகிறதா? பூச்சிமருந்தும் சீனி மூடையும் ஒரே மூலையில் இருக்கின்றனவா? திகதி முடிந்த தகரப் பேணிகள் உண்டா?

அதன் பின் குளிர்சாதனப் பெட்டி. திறந்தவுடன் அவர் கவனிப்பது எது எதற்கு மேல் இருக்கிறது என்பதைத்தான். சமைக்காத கோழி மேல்தட்டிலும், சமைத்த கறியோ வட்டிலப்பமோ கீழ்த்தட்டிலும் இருந்தால், கோழியிலிருந்து சொட்டும் நீர் கீழே உள்ள உணவில் விழும். கறியாவது திரும்ப அடுப்பேறும். வட்டிலப்பம் அப்படியே வாய்க்குள் போகும். எனவே சமைத்தது மேலே, பச்சை இறைச்சி கீழே, எல்லாம் மூடியபடி. இதற்குக் காசு செலவில்லை.

வெட்டும் பலகையும் கத்தியும் அவர் பார்வைக்குத் தப்பாது. பச்சைக் கோழி வெட்டிய பலகையை ஒரு துண்டுத் துணியால் துடைத்துவிட்டு அதே பலகையில் சலாதுக்கு வெள்ளரிக்காய் வெட்டுவது சாதாரணமாக நடக்கும் தவறு. அந்தத் துண்டுத் துணியே ஒரு கிருமிக் கூடு. மேசையையும் பலகையையும் கையையும் அதே துணியால் துடைத்தால், ஒரு மூலையில் இருந்த கிருமி குசினி முழுவதும் பரவிவிடும்.

5 உம் 60 உம்

உஷ்ணமானியும் பரிசோதனையில் முக்கியமான ஒரு கருவி. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் கிருமிகளுக்கு மிகவும் பிடித்தமானது. நமது நாட்டின் சாதாரண பகற்பொழுது, 30 பாகையளவில், அதன் நடுவிலேயே இருக்கிறது.

வசதியான சூழலில் ஒரு பற்றீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று ஒரு மணித்தியாலத்தில் 8 ஆகும். நான்கு மணித்தியாலத்தில் 4,096 ஆகும். ஆறு மணித்தியாலத்தில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஆக்கிய சோறு மாலை ஆறு மணிவரை மேசையில் கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதனால்தான் சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சூடாகப் பரிமாறுவதானால் 60 பாகைக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். பிறகு பாவிப்பதானால் விரைவாக ஆற்றி 5 பாகைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். இறைச்சியின் நடுப்பகுதி 70 பாகைக்குக் குறையாமல் வேக வேண்டும்.

சோற்றில் ஒரு தனி ஆபத்து உண்டு. அரிசியில் இயற்கையாக இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. ஆக்கிய சோறு ஆறும்போது அவை விழித்துப் பெருகுகின்றன. அப்போது உண்டாகும் நஞ்சுதான் மீண்டும் வறுத்தாலும் அழியாதது. சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். தங்கையின் பிள்ளைகளுக்கு வந்ததும் இப்படியான நோயாக இருக்கலாம் என்றே டொக்டர் கருதினார்.

பெரிய கிடாரத்திலும் இதே பிரச்சினைதான். மேற்பகுதி ஆறினாலும் நடுப்பகுதி பல மணித்தியாலங்களுக்கு இளஞ்சூட்டிலேயே இருக்கும். அதை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளினாலும் உடனே குளிராது. அகன்ற, ஆழமில்லாத தட்டுகளில் பிரித்துப் பரப்பினால் விரைவில் ஆறும். கலியாண வீட்டில் இரவே சமைத்து மறுநாள் பகல் சஹனில் வைக்கும் வழக்கமுள்ளவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறைப்பதே நல்ல வழி.

கையும் கூலியும்

குசினிக்குள் வரும் கிருமிகள் பலவற்றுக்கு மனிதனின் கையே வாகனம். நகத்தை வளர்த்தவர், விரலில் சீழ்ப்புண் உள்ளவர், மூக்கைத் துடைத்த கையால் இறைச்சியைப் பிய்ப்பவர் என்று பரிசோதகர் ஒவ்வொருவரையும் கவனிப்பார். புண்ணிலும் மூக்கிலும் வாழும் ஒருவகைக் கிருமியும் சூட்டுக்கு அழியாத நஞ்சை உண்டாக்கக் கூடியது. கையுறை போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கையுறை போட்ட கையாலேயே காசை வாங்கி, மிச்சத்தைக் கொடுத்து, அதே கையால் ரோல்ஸையும் எடுத்தால் கையுறையால் என்ன பயன்?

உணவைக் கையாள்வோரின் மருத்துவப் பரிசோதனையும் நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியும் விசாரிக்கப்படும். இந்த நோயை உடலில் வைத்துக்கொண்டே சுகமாக நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். இதற்குச் சரித்திரத்தில் இடம்பெற்ற உதாரணம் மேரி மாலன் என்ற பெண். அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணக்கார வீடுகளில் சமையல் செய்து வந்தவர். 1906 இல் நியூயோர்க்கை அடுத்த ஒயிஸ்டர் பேயில் அவர் சமைத்த வீட்டில் பதினொரு பேரில் ஆறு பேருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. விசாரித்தபோது அவர் முன்பு வேலை செய்த பல வீடுகளிலும் இதே நோய் வந்திருந்தது. அவருக்கோ காய்ச்சலின் அறிகுறி எதுவுமில்லை.

1907 இல் அவரைத் தீவொன்றில் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910 இல் விடுதலை செய்தார்கள். உடுப்புக் கழுவும் வேலைக்குப் போனார். சமையலில் கிடைத்த சம்பளம் அதில் கிடைக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் குசினிக்குள் நுழைந்தார். 1915 இல் அவர் சமைத்த மகப்பேற்று ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். அதன் பின் 1938 இல் மரணிக்கும்வரை அவருக்குத் தனிமைதான்.

மேரியைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அவருடைய கதையில் முதலாளிமாருக்கு ஒரு பாடம் இருக்கிறது. வயிற்றோட்டம் என்று சொன்னால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையிலுள்ள பையன் நோயைச் சொல்லமாட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டே மா பிசைவான். சுகவீனமான நாளுக்குக் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் முதலாளி, ஒரு பையனுக்கு மட்டுமல்ல, அன்று அக்கடையில் சாப்பிடும் அத்தனை பேருக்கும் உதவி செய்கிறார்.

பெரிய ஹோட்டல்களில்

பெரிய ஹோட்டல்களில் வேறொரு முறையும் உண்டு. 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. விண்ணில் ஒருவருக்கு வயிற்றோட்டம் வந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு பொதியையும் பிரித்துப் பரிசோதித்தால் சாப்பிட எதுவும் மிஞ்சாது. எனவே ஆபத்து வரக்கூடிய படிகளை முன்கூட்டியே கண்டறிந்து, அந்தப் படிகளிலேயே காவல் வைத்தார்கள். இறைச்சி வந்து சேர்ந்த நேரம், குளிர்பெட்டியின் பாகை, கறி வெந்த பாகை என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பது இந்த முறையிலிருந்து வந்த பழக்கம்தான். சிறிய கடைக்கும் ஒரு கொப்பியும் பேனையும் உஷ்ணமானியும் இருந்தால் இதைத் தொடங்கலாம்.

சட்டம் என்ன செய்கிறது?

சாதாரண குறைகளுக்குப் பரிசோதகர் முதலில் புத்திமதி கூறித் திருத்திக்கொள்ளத் தவணை கொடுப்பதுண்டு. திருத்தாவிட்டாலோ குறை பாரதூரமானதாக இருந்தாலோ நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்படும். குறைநிறைகளுக்குப் புள்ளியிட்டுக் கடைகளை ஏ, பீ, சீ, டீ எனத் தரப்படுத்தும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. உணவு நஞ்சாதலும் நெருப்புக்காய்ச்சலும் வைத்தியர்கள் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள்.

ஆனால் ஒரு பரிசோதகரின் பொறுப்பில் எத்தனையோ கடைகள். அவர் வந்து போகும் ஒரு மணித்தியாலம் தவிர, வருடத்தின் மற்ற நாட்களெல்லாம் குசினியைப் பார்ப்பவர் யார்? சமைப்பவரும் சாப்பிடப் போகும் நாமும்தான்.

சாப்பிடப் போகும்போது

கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் கழுவும் இடத்திலேயே இல்லையென்றால் உள்ளே இருக்கும் என்று நம்புவது கடினம். உணவைக் கையால் எடுத்தால் இடுக்கியால் எடுக்கச் சொல்லுங்கள். அச்சடித்த பத்திரிகைத் தாளில் நேரடியாக வடை கட்டித் தந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள்.

தேநீர்க்கடைகளில் பிளேன்டியோடு ஒரு தட்டு நிறையச் சிற்றுண்டி கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டைச் சாப்பிட்டு இரண்டுக்குக் காசு கொடுப்போம். மிஞ்சியதை நாமும் பிள்ளைகளும் தொட்டுப் பார்த்திருப்போம். அவை மீண்டும் கண்ணாடி அலுமாரிக்குள் போய் அடுத்த மேசைக்கு வரும். வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கினால் இந்தப் பழக்கம் தானாகக் குறையும்.

நோய் கண்டுவிட்டால் பிள்ளைக்கு ஜீவனி போன்ற உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே வைத்தியரிடம் போங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல் கண்டால் தாமதிக்க வேண்டாம். மிச்சமான உணவை வீசிவிடாமல் மூடிக் குளிர்பெட்டியில் தனியாக வையுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், யார் யார் சாப்பிட்டார்கள், எப்போது வாந்தி தொடங்கியது என்று எழுதி வையுங்கள். பரிசோதகருக்கு இவை மிகவும் உதவும்.

தங்கை என்ன செய்தாள்?

மூன்று நாளில் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். நான்காம் நாள் தங்கையும் நானும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனோம். கடையைப் பற்றிச் சொன்னாள். எழும்பி வரும்போது, யாரும் கேட்காமலே, "ஐயா, நானும் வீட்டுல ரோல்ஸ் செஞ்சு கடைக்குக் குடுக்கிறேன். எங்கட குசினியையும் ஒருக்கா வந்து பாருங்க" என்றாள். நான் திகைத்துப் போனேன்.

பரிசோதகர் வந்தார். விற்பதற்காக உணவு தயாரித்தால் அது வீட்டுக் குசினியானாலும் சட்டத்துக்குள் வரும் என்றார். தேவையான பதிவு பற்றி விளங்கப்படுத்தினார். மூன்று குறைகள் சொன்னார். பச்சை இறைச்சிக்கும் வெந்த கலவைக்கும் ஒரே பலகை. குழாயடியில் சவர்க்காரம் இல்லை. இரவு சமைத்த உள்ளீடு விடியும்வரை மேசையில் கிடக்கிறது. தங்கை இன்னொரு பலகை வாங்கினாள். சவர்க்காரத்தைக் குழாயில் கட்டித் தொங்கவிட்டாள். உள்ளீட்டை இப்போது தட்டுகளில் பரப்பி ஆற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறாள். அவளது வியாபாரம் நின்றுவிடவில்லை.

அந்தக் கடைக்காரருக்கும் தவணை கொடுக்கப்பட்டது. அங்கேயும் ஆக்கிய சோற்றைத் தட்டுகளில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். அவருடைய மனைவி தங்கையோடு இன்னும் முன்போலப் பேசுவதில்லை. தங்கைக்கு அதில் கவலைதான்.

"ஆனா ராத்தா, அவட புள்ளைகளும் அந்தக் கடைச் சாப்பாட்டத்தானே சாப்பிடுறாங்க" என்றாள் ஒருநாள், ரோல்ஸை அடுக்கிக்கொண்டே.